பி.டி. பீரியடுக்கு டிமிக்கி கொடுத்தவர்கள் ஓடுகிறார்கள்

பள்ளிக்கூடத்தில் ஓட்டம் என்றால் ஒரே அர்த்தம்தான். சுண்ணாம்புக் கோடு, விசில், நூறு மீட்டர். வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் விளையாட்டு விழாவில் ஓடுவது ஐந்தாறு பேர், மேடையேறிக் கோப்பை வாங்குவது மூன்று பேர். அந்த மூன்று பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மாறுவதே இல்லை. மற்றவர்கள் சாமியானா நிழலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். பப்ளிக் பரீட்சை வருஷம் வந்ததும் கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கடன் கேட்பார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பெண் பிள்ளைகள் பலருக்கு அதற்கும் முன்பே, வயதுக்கு வந்த வருஷமே மைதானத்தின் கேட் மூடிவிடும்.

இப்படிக் கை தட்டியே வளர்ந்தவர்கள் நாற்பது வயதில் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "நமக்கும் ஸ்போர்ட்ஸுக்கும் ஏழாம் பொருத்தம்."

ஆனால் விடியற்காலையில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்கோ, கோவை ரேஸ் கோர்ஸுக்கோ, மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்கோ போனால் வேறு காட்சி. தொப்பையோடு ஒருவர், சுடிதாரும் ஷூவுமாக ஒருவர், தலை நரைத்த ஒருவர் என்று மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருப்பார்கள். யாரும் கோப்பை வாங்கிய முகமாகத் தெரியாது.

இவர்களில் பலரை அங்கே அனுப்பி வைத்தது ஆசை இல்லை, லேப் ரிப்போர்ட்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதே ஆய்வுத் தொடரில் 2014-இல் வந்த இன்னொரு அறிக்கை தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளில் மக்களின் உடலுழைப்பை அளந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் போதிய அசைவே இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி, விளையாட்டு என்று ஏதாவது செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சாமியானா நிழல் பள்ளியோடு முடியவில்லை என்று அர்த்தம்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். வயது 43. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்திருக்கிறது. 5.7-இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி, 6.5 என்றால் வீட்டுக்குள் வந்துவிட்டது. டாக்டர், "மாத்திரை இப்போ வேண்டாம், தினமும் உடம்பை அசைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். அம்மாவுக்கும் சர்க்கரை, அப்பாவுக்கும் சர்க்கரை. அப்பாவின் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அதனால் மூன்று மாதம் என்ற கெடு அவருக்குச் சாதாரணமாகக் காதில் விழவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் இறங்குகிறார். எப்படி ஓடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்தது ஒரே ஓட்டம், பள்ளிக்கூட ஓட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார். முதல் மின்கம்பம் தாண்டும்போது மூச்சு வாங்குகிறது. இரண்டாவதில் விலாவில் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்ததும் "நம்ம உடம்புக்கு இது ஒத்து வராது" என்கிறார். ஷூ பரணுக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் எத்தனை பரணில் எத்தனை ஜோடி ஷூ இப்படித் தூங்குகிறதோ. இவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. வேகம்தான் கோளாறு.

நூறு மீட்டர் ஓட்டம் என்பது மூச்சைக் கடன் வாங்கி ஓடுவது. தசைக்கு வேண்டிய ஆக்சிஜனை ரத்தம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பந்தயமே முடிந்துவிடும். பதினைந்து விநாடி தாக்குப்பிடித்தால் போதும். அதே வேகத்தில் பத்து நிமிஷம் ஓட உலகச் சாம்பியனாலும் முடியாது. இருபத்தைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பை அந்த வேகத்தில் விரட்டினால் மூன்றாவது மின்கம்பம் வரை போனதே பெரிது.

நீண்ட நேரம் ஓடுகிறவர்கள் வேறு ஓட்டம் ஓடுகிறார்கள். அதற்கு அளவுகோல் மிகவும் எளிது: பேச முடிய வேண்டும். பக்கத்தில் வருகிறவரிடம், நேற்று வைத்த ரசம் ஏன் புளித்துப்போனது என்று முழுசாக ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு முட்டினால் குறைக்க வேண்டும். பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

இந்த வேகம் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வேகமாக நடக்கிறவர் ஒரு கிலோமீட்டரைப் பத்து நிமிஷத்தில் கடப்பார். புதிதாக ஓடுகிறவருக்கு அதே தூரத்துக்கு ஒன்பது நிமிஷம் ஆகலாம். சில நாள் நடக்கிறவரே முந்திக்கொண்டு போவார். போகட்டும். அந்த ஆமை வேகத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் சக்தி கூடுகிறது. வேர்த்து விறுவிறுத்து நாக்கு தள்ளினால்தான் பலன் என்று நினைப்பது வீட்டு வாசலிலேயே ஆளைத் தடுக்கி விழ வைக்கிற எண்ணம்.

இதை ஒரு திட்டமாக எழுதி வைத்தவர் விளையாட்டு வீரர் அல்ல. 1996-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோஷ் கிளார்க் என்ற 25 வயது இளைஞர், காதல் முறிந்த வருத்தத்தில் ஓட ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அவருக்கும் ஓட்டம் பிடிக்கவே இல்லை. வலித்தது, அலுத்தது. சில வாரங்கள் தாண்டிய பிறகு பிடித்துப்போனது. அந்த முதல் சில வாரங்களின் கொடுமை இல்லாமலேயே ஒருவரை ஓட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று யோசித்தவர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து ஒன்பது வாரத் திட்டம் ஒன்றைப் போட்டார். 'கவுச் டு 5கே' என்று பெயர். சோபாவிலிருந்து எழுந்தவரை 5 கிலோமீட்டர் ஓட வைப்பது என்பது கணக்கு. பின்னாளில் பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறையே அதை எடுத்து, மொபைல் செயலியாக இலவசமாகக் கொடுத்தது.

வாரத்தில் மூன்றே நாள். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். முதல் வாரம் ஐந்து நிமிஷம் நடை. பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிஷம். அவ்வளவுதான். இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிஷ ஓட்டம், நான்காம் வாரத்தில் ஐந்து நிமிஷ ஓட்டம் என்று சத்தமில்லாமல் ஏறும். ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாள்தான் பலரும் பயப்படுகிற நாள். நடையே இல்லாமல் 20 நிமிஷம் ஓட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்புதான் எட்டு நிமிஷம் ஓடிவிட்டு நடையாக நடந்திருப்பார்கள். ஆனாலும் முடிகிறது. ஓடி முடித்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று மொபைலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், கடிகாரம்தான் தப்போ என்று.

முடியாவிட்டால் அந்த வாரத்தையே மறுபடி செய்யலாம். ஒன்பது வாரத்தைப் பதினாறு வாரத்தில் முடித்தவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. இங்கே ஃபெயில் கிடையாது, அரியர் உண்டு.

சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்தில். மூச்சு பழகிவிடும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். தினமும் ஓடலாம், இன்னும் வேகமாக ஓடலாம் என்று கால் துறுதுறுக்கும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும், எலும்பையும் தசையையும் இணைக்கும் நார்களும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு நாள் ஓய்வு கொடுப்பது சோம்பேறித்தனம் அல்ல, அன்றுதான் கால் வலுவாகிறது. இந்த விஷயத்தில் பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலேஜ் பையன் முந்திவிட்டால் 48 வயது அங்கிளுக்குப் பொறுக்காது. அடுத்த வாரம் குதிகாலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்து மூட்டு. ஓடுகிறேன் என்று சொன்னதும் சித்தி, பெரியம்மா, மாடி வீட்டுக்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, "மூட்டு தேஞ்சிடும்". 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. உடம்புக்காகவும் சந்தோஷத்துக்காகவும் ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் இருந்தவர்கள் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். ஓடுவதால்தான் மூட்டு நன்றாக இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நல்ல மூட்டு உள்ளவர்கள்தான் ஓடுகிறார்கள் என்றும் வாதாடலாம். ஆனால் அளவாக ஓடினாலே தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

சென்னை மேயராக இருந்து, 2021-இல் சுகாதாரத் துறை அமைச்சரான மா.சுப்பிரமணியனின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததே. 2004-இல் நடந்த சாலை விபத்தில் அவர் கால் மூட்டில் பலத்த அடி. சர்க்கரை நோயும் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்து, 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களை நூறுக்கும் மேல் ஓடியவர் அவர். எல்லா மூட்டுக்கும் அப்படி வாய்க்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. நெஞ்சு வலி, படி ஏறினால் மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படித்தான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பாக்கெட்டில் நாலு சாக்லேட் வைத்துக்கொள்வதும், வீட்டுக்கு வந்து உள்ளங்காலைத் தடவிப் பார்ப்பதும் கட்டாயம். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்தாலே தெரியாது.

சரி, நடந்தால் போதாதா? தாராளமாகப் போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் விறுவிறு நடை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. அதுவே ஓட்டம் போன்ற கடினமான பயிற்சி என்றால் 75 நிமிஷம். நேரம் இருப்பவர்கள் நடக்கலாம். நேரமே இல்லாதவர்களுக்கு அந்தப் பாதிக் கணக்கு பெரிய உதவி.

நேரம் என்றதும் பேச்சு சமையலறைக்குத்தான் போக வேண்டும். அந்த 43 வயதுப் பெண் மறுபடி பரணிலிருந்து ஷூவை எடுக்கிறார். இந்தமுறை ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை. கால் ஒத்துழைக்கிறது. கடிகாரம்தான் ஒத்துழைக்கவில்லை. பால் ஐந்து மணிக்கு வருகிறது. குக்கர் ஐந்தே முக்காலுக்கு ஏற வேண்டும். மூன்று டிபன் பாக்ஸ். ஏழு இருபதுக்கு ஸ்கூல் வேன். ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை வீட்டின் மொத்தப் பாரமும் அவர் தலையில்தான் இருக்கிறது. சென்னை வெயிலில் ஓடத் தோதாக இருப்பதும் அதே முக்கால் மணி நேரம்தான்.

கணவர் ஓட ஆரம்பித்தால் வீட்டில் அது ஒரு செய்தி. மனைவி ஓட ஆரம்பித்தால் அது ஒரு பிரச்சினை. "இந்த வயசுல என்னத்துக்கும்மா இந்த ஓட்டம்?" என்று மாமியார் கேட்பார். அந்தக் கேள்வியில் அக்கறையும் இருக்கிறது, காபி லேட்டாகுமே என்ற கவலையும் இருக்கிறது. பல பெண்கள் இங்கேதான் நின்றுபோகிறார்கள். மூச்சு வாங்கி நின்றவர்களைவிட, குக்கர் விசிலுக்குப் பயந்து நின்றவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

ஓடுவதைத் தொடர்கிற வீடுகளில் ஏதோ ஒரு ஒப்பந்தம் நடந்திருக்கும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நாள் குறித்திருப்பார்கள். அந்த மூன்று நாளும் சட்னி கிடையாது, இட்லிப் பொடிதான். குக்கர் வைக்கக் கணவர் கற்றுக்கொண்டிருப்பார். தண்ணீர் அளவு இரண்டு வாரம் தப்பும், சாதம் குழையும், உலகம் அழிந்துவிடாது. லேப் ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்ததும் மாமியாரே, "நீ போயிட்டு வா, காபி நான் போட்டுக்கறேன்" என்று சொன்ன வீடுகளும் உண்டு. அந்த முக்கால் மணி நேரம் தானாகக் கிடைப்பதில்லை. வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வெளியே வந்தால் தெரு. "என்னக்கா, பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்பவர்கள் முதல் வாரம் கேட்பார்கள், மூன்றாம் வாரம் சலித்துவிடுவார்கள். நாய்கள் அப்படிச் சலிக்காது. குரைத்தால் ஓடுவதை நிறுத்தி நடந்து கடப்பதே நல்லது, ஓடினால் அவை துரத்தும். வாகனத்துக்கு எதிர்த்திசையில், அது வருவது கண்ணில் படும்படி ஓட வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓடுவது தற்கொலைக்குச் சமம். மைதானமோ பூங்காவோ கடற்கரையோ பக்கத்தில் இருந்தால் அதுதான் உத்தமம். செலவு என்று பார்த்தால் ஷூ ஒன்றுதான். விலை உயர்ந்தது வேண்டாம், விரல் நுனிக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்கிற, காலைக் கடிக்காத ஷூ போதும். பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் கட்டாயம். கூச்சத்தில் பலரும் இதைக் கேட்காமலே விட்டுவிட்டு வலியோடு ஓடுகிறார்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம் என்ற கேள்விக்கு ஃபௌஜா சிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. பஞ்சாப் விவசாயி. சின்ன வயதில் கால் வலுவில்லாமல் ஐந்து வயது வரை நடக்காதவர். முதுமையில் மனைவியை இழந்தார். 1994-இல் கண் முன்னே மகனையும் இழந்தார். லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தபோது, அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வர ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பயிற்சிக்கு முதல் நாள் கோட்டு சூட்டோடு வந்து நின்றார் என்றும், மாரத்தான் 26 மைல் என்பதை 26 கிலோமீட்டர் என்று நினைத்திருந்தார் என்றும் சொல்வார்கள். 2000-இல் 89 வயதில் லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிஷத்தில் முடித்தார். 2011-இல் டொரன்டோவில் ஓடியபோது பாஸ்போர்ட் கணக்குப்படி வயது 100. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. சென்ற 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊருக்குப் பக்கத்தில் சாலையைக் கடந்தபோது வாகனம் மோதி இறந்தார். எப்பேர்ப்பட்ட காலும் நம் சாலைகளிடம் தோற்றுவிடுகிறது.

ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமிக்கு இந்தப் பழக்கம் 33 வயதில் வந்தது. அதுவரை ஜாஸ் இசை பார் நடத்திக்கொண்டு, தினம் 60 சிகரெட் பிடித்தவர். முழுநேர எழுத்தாளராகி உட்கார்ந்தே இருந்ததில் எடை ஏறியது. 1982-இல் ஓட ஆரம்பித்தார், சிகரெட் தானாகக் கழன்றது. பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டம் வரை போய்விட்டார். பயத்தில் ஆரம்பித்தது எந்த நாளில் ஆசையாக மாறியது என்று ஓடுகிறவர்களால் தேதி சொல்ல முடிவதில்லை. அடையாளம் மட்டும் உண்டு. காலையில் மழை பெய்து ஓட முடியாமல் போனால் எரிச்சல் வரும். மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் பெட்டி கட்டும்போது முதலில் ஷூ உள்ளே போகும்.

அதற்குப் பிறகு கொஞ்சம் முற்றும். வாட்ஸ்அப் குரூப், கையில் துடிப்பு எண்ணும் வாட்ச், ஸ்டேட்டஸில் மெடல் போட்டோ, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு ஓட்டத்தின் மகிமை பற்றிப் பிரசங்கம். குடும்பத்தார் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணின் மூன்று மாதக் கெடு முடிந்தது. சர்க்கரை சராசரி 5.8. வாசற்படியைவிட்டு இன்னும் இறங்கவில்லை. டாக்டர், "நல்லாப் போகுது, விட்டுடாதீங்க" என்றார். ஒன்பது வாரத் திட்டத்தில் அவர் அப்போது ஏழாவது வாரத்தில் இருந்தார். ஐந்தாம் வாரத்தை மூன்று முறை எழுதியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார். 44 நிமிஷம். முதலில் வந்த பையன் அதற்குள் வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பான். முடிவுக் கோட்டில் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரல் வைத்து மகளுக்குக் காட்டினார். பின்னால் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தது மகள்தான். வீடு திரும்பும்போது மணி எட்டரை. ஞாயிற்றுக்கிழமை, அதனால் இட்லிப் பொடி.